வாய்க்கட்டோடு வந்த வாத்தியார்

1

என் மகள் கோமுவை ஊருக்கு அனுப்பிவைக்கும்படி என் மைத்துனர் ஆள் மூலம் சொல்லிவிட்டிருக்கிறார். போன வாரம் தலைமன்னார் ரயிலில் வந்த ஒருவன் என் கடை வாசலில் மூட்டையை இறக்கி வைத்த கையோடு, மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். “கண்டிச் சீமையில பிள்ளை கெட்டுப் போகுதாம். பேச்செல்லாம் சிங்களமாப் போச்சாம். இங்க அனுப்பச் சொன்னாரு. நம்ம வாத்தியார் தோலை உரிச்சுப் படிக்க வச்சிருவாராம்.”

அனுப்ப மாட்டேன்.

ஏன் என்று அந்த ஆளிடம் சொல்லி அனுப்பினால் பாதி வழியில் மறந்துவிடுவான். அதனால் இதை எழுதுகிறேன். ஊரில் இந்தப் பத்திரிகை பார்க்கிறவர்கள் யாராவது என் மைத்துனருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவரும் நானும் ஒரே வாத்தியாரிடம் நான்கு வருஷம் அடி வாங்கியவர்கள். அவருக்கு இன்றைக்கும் வாசிக்க வராது.

கோமுவின் பேச்சு கெட்டது உண்மைதான். காய்கறி எண்ணும்போது எக்காய், தெக்காய் என்று சிங்களத்தில் எண்ணுகிறாள். அடுத்த கடை ஹமீது நானாவின் பெண்களோடு விளையாடிவிட்டு வந்தால் தன் அம்மாவை ‘உம்மா’ என்கிறாள். இங்கே இருக்கிற யாழ்ப்பாணத்து வாத்தியாரைப் பார்த்துப் பார்த்து எதற்கெடுத்தாலும் ‘ஓம்’. “ஒரு வாயில நாலு ஊரு” என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும். அது அவள் தலை.

2

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. ஓலைக் கொட்டகை. நடு உத்திரத்தில் எப்போதும் ஒரு கயிறு தொங்கும். அதற்குக் கோதண்டம் என்று பெயர். பாடம் தப்பியவனின் இரண்டு மணிக்கட்டையும் அதில் கட்டித் தூக்குவார்கள். கால் தரையில் படாது. வாத்தியார் கீழே நின்று புளிய விளாரால் தொடையிலும் கெண்டைக்காலிலும் வீசுவார். மற்றவர்கள் நிறுத்தாமல் பாட்டுச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்துகிறவன் அடுத்துத் தொங்குவான்.

என் அண்ணனை ஒரு நாள் அப்படித் தூக்கினார்கள். வலி பொறுக்காமல் திமிறினான். தோள் மூட்டிலிருந்து விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாத்தியார் விளாரை நிறுத்தவில்லை. நாங்கள் பாட்டை நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் எங்கள் அப்பா, எண்ணெய்த் துணி சுற்றிய தோளோடு அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். “கண்ணு ரெண்டையும் எனக்கு விட்டுருங்க சாமி. மத்ததெல்லாம் உங்க சொத்து” என்றார். அப்பா கொடுமைக்காரர் இல்லை. எங்கள் பக்கத்தில் வாத்தியாருக்குத் தருகிற மரியாதை அதுதான். ஒவ்வொரு அப்பனும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான்.

இவ்வளவு அடிக்கும் என்ன படித்தோம்? நீதிப் பாட்டு நூறும் தெரியும். முதலிலிருந்தும் சொல்வோம், கடைசியிலிருந்து பின்னோக்கியும் சொல்வோம். ஆனால் சந்தையில் வண்டிக் கூண்டில் எழுதியிருக்கிற ஒரு பெயரைக் காட்டி இது என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்போம். அத்தனை பாட்டும் வாயில் இருந்தது. கண்ணில் ஓர் எழுத்தும் இல்லை.

மழை பொய்த்த வருஷம் அண்ணனும் நானும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிற மண்டபம் கேம்புக்குப் போனோம். அங்கே டாக்டர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார். அண்ணனின் இடது கை மார்புக்கு மேல் எழவில்லை. அவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஒரு கை எழாத ஆள் கங்காணிக்கு எதற்கு? அவன் ஊருக்குத் திரும்பினான். என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். “தமிழ்லதானே எழுதியிருக்கு, வாசிச்சுக்கோ” என்றான் குமாஸ்தா. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான்கு வருஷம் பள்ளிக்கூடம் போனவன்.

நான் வாசிக்கப் படித்தது இந்தக் கண்டிச் சீமையில்தான். தோட்டத்தைவிட்டு வந்து கெலிஓயாவில், கம்பளை ரோட்டில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்தேன். மடிக்கிற காகிதமெல்லாம் பழைய பத்திரிகை. அந்தக் கடை முதலாளி முரடன்தான். ஆனாலும் எழுத்தைக் கேட்டால் சொல்லித்தருவார். உப்புப் பொட்டலத்தில் ஓர் எழுத்து, மிளகாய்ப் பொட்டலத்தில் ஓர் எழுத்து என்று வளர்ந்த மீசையோடு படித்தேன். யாரும் என்னைக் கட்டித் தொங்கவிடவில்லை.

3

இப்போது அதே கம்பளை ரோட்டில் எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. எதிரே தகரக் கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடம். கடைக்காரர்கள் பிள்ளைகளும், மேலே தேயிலைத் தோட்டத்துக் கூலி லயங்களிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். அதைக் கட்டியவர் ஒரு பெரிய கங்காணி. ஊரிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்து சம்பாதித்தவர். அந்தப் பணத்தில் ரோட்டோரம் கடைகள் வாங்கி வாடகைக்கு விட்டார். அதன் பிறகு பள்ளிக்கூடமும் கட்டி, மனேஜர் ஆனார். அவருக்குக் கைநாட்டுத்தான். எல்லாவற்றையும் அவருடைய ஆள் பிச்சையா வாசித்துச் சொல்வான்.

வருஷத்துக்கு ஒரு முறை கண்டியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகள் வாசித்தால் அரசாங்க உதவி கிடைக்கும், இல்லாவிட்டால் கிடையாது. அதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். வாசகப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகளுக்கு அடித்து மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கத்தைத் திறந்தால், பக்கத்தில் நிற்கிற வாத்தியார் மெதுவாக முதல் வார்த்தையை எடுத்துக்கொடுப்பார். அவ்வளவுதான், பிள்ளை மடைதிறந்த மாதிரி ஓடும். விரல் சும்மா வரியின் மேல் போகும். ஒரு வருஷம் ஒரு பிள்ளை இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டது. காக்கைப் படத்தில் விரலை வைத்துக்கொண்டு யானையைப் பற்றி ஒப்புவித்தது. பாஸ்.

கயிறு மட்டும்தான் இங்கே இல்லை. மற்றபடி எங்கள் ஊர்தான்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து செல்லத்துரை வாத்தியார் வந்தார். இளவயது, ஒட்டின கன்னம், வெடுக்கென்ற பேச்சு. வந்த அன்றைக்கே பள்ளிக்கூடத்துப் பிரம்பை முறித்து அடுப்பில் வைத்துத் தேத்தண்ணீர் கொதிக்கவைத்தார். பிறகு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

“அண்ணை, பழைய பேப்பர் இருக்கோ?”

“சாமான் கட்டவா?”

“பிள்ளையளுக்கு வாசிக்க.”

“அதுக்குத்தான் புத்தகம் இருக்கே?”

“அதைக் குடுத்தால் மனப்பாடமாக்கிப் போடுவினம். பாடமாக்கினதை வாசிக்கேலாது. தெரியாத ஊருக்குள்ள போனாத்தான் கண் வழி பாக்கும்.”

அவருக்கு ஒரு கட்டுக் கொடுத்தேன். எனக்கு உப்புக் கட்டப் போதவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தார்கள். கப்பல் வருகிற நாள், மாடு காணாமல் போன விளம்பரம், கொலை வழக்கு, கூந்தல் தைலம். கோமு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்: “அப்பா, ரத்த மூலம் எண்டால் என்ன?”

“சோறு திங்கிற நேரத்துல கேக்கிற கேள்வியப் பாரு” என்று என் மனைவி அகப்பையை ஓங்கினாள். நான் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. மகள் திக்கித் திக்கித்தான் வாசித்தாள். ஆனால் வாசித்தாள். அவள் விரல் எந்த எழுத்தில் இருந்ததோ, அந்த எழுத்துத்தான் வாயிலிருந்து வந்தது.

பெற்றவர்களுக்குத் தாங்கவில்லை. அடிக்காதவன் வாத்தியாரா? லயத்திலிருந்து ஒரு பெண் தன் மகனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து, “நல்லா நாலு போடுங்க, பயப்படாதீங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்” என்றாள்.

“அடிக்க வேணுமெண்டால் வீட்டில வைச்சு அடியுங்கோ” என்றார் வாத்தியார். “இஞ்சை படிப்பு மட்டுந்தான்.”

இன்ஸ்பெக்டர் வருகிற காலம் நெருங்கியதும் கங்காணி குடையோடு வந்தார். பேச்சு என் கடை வாசலில்தான் நடந்தது.

“வாத்தியாரே, புள்ளைக புத்தகத்த ஒப்புவிக்க மாட்டேங்குதுன்னு பிச்சையா சொல்றான்?”

“ஒப்புவிக்காதுகள். வாசிக்குங்கள்.”

“திக்கித் திக்கி வாசிச்சா எவன்யா பாஸ் போடுவான்? போன வருசம் வெள்ளம் மாதிரி கொட்டுச்சுங்க.”

“போன வருசம் ஒரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியாது. பொய்க்குத்தான் பாஸ் போட்டவை.”

“என் கூரைக்குக் கீழ நின்னுக்கிட்டு என்னையே பொய்யன்ங்கிறியா?”

“கூரை உங்கட. வகுப்பு என்ரை.”

“உன் வகுப்பா?”

“ஓம்.”

அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்துக்கு யாருக்கும் ஓர் அறை விடத் தோன்றும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

4

மறுநாளே கங்காணி பிச்சையாவை ஒரு புதுப் பிரம்போடு வகுப்புக்கு அனுப்பினார். வாத்தியார் அவனைப் பின்வரிசையில் உட்கார வைத்தார். “இருக்கலாம். பிரம்பைத் தொட்டால் எழும்பிப் போகவேணும்” என்றார். அவர் இருந்தவரை அவன் தொடவில்லை.

சம்பளக் கடுதாசியில் ஏதோ கையெழுத்துக் குறை என்று ஒரு நாள் வாத்தியாரைக் கண்டி கந்தோருக்கு வரச் சொன்னார்கள். கந்தோர் என்றால் ஆபீஸ், அந்த ஆபீஸ் உங்களுக்குத் தெரியாது. காலையில் போனால் ஒருவன் அடுத்த அறை என்பான். அடுத்த அறைக்காரன் இங்கிலீசில் நாளைக்கு என்பான். வாத்தியார் அதில் மாட்டிக்கொண்டார். இங்கே பிச்சையா எழுந்து முன்னால் வந்தான்.

கோமு ஒரு பொட்டலக் காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அதைப் பிடுங்கிக் கிழித்தான். புத்தகத்தை ஒப்புவி என்றான். “மனப்பாடம் இல்லை. வாசிக்கட்டா?” என்று கேட்டிருக்கிறாள். அவள் கையை மேசையில் வைக்கச் சொல்லி, கனமான ரூல் தடியின் விளிம்பால் ஓங்கி அடித்தான். நடுவிரல் முறிந்தது.

அவள் அலறியது கடையில் எனக்குக் கேட்டது. அரிசி அளந்துகொண்டிருந்தவன் படியைப் போட்டுவிட்டு ஓடினேன். கோணலாகத் தொங்கின விரலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எதையும் பார்க்கவில்லை. பிச்சையாவின் குடுமியைப் பிடித்து அவன் முகத்தை அவன் நின்ற மேசையிலேயே மோதினேன். பிள்ளைகள் கத்தினார்கள். மறுபடி மோதினேன். மூக்கு உடைந்து ரத்தம் சிலேட்டுகளில் தெறித்தது.

யாரோ பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிப் பிடித்தார்கள். வாத்தியார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறார்.

“விடுங்கோ அண்ணை!”

“என் புள்ள விரலை ஒடிச்சிருக்கான்!”

“கண்டன். இது என்ரை வகுப்பு. இதுக்குள்ள ஒருத்தரும் ஒருத்தரையும் அடிக்கேலாது. நீங்களுந்தான். வெளியில கொண்டு போங்கோ.”

எனக்கு அவரையே அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதைச் செய்தேன். பிச்சையாவைக் குடுமியோடு இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். எனக்குப் பின்னால் வாத்தியார் கதவைச் சாத்தினார். ரோட்டில் போட்டு அவனை மிதித்தேன். விலா எலும்பில் மிதித்தேன். ஹமீது நானா கடையிலிருந்து பாய்ந்து வந்து என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்.

“யா அல்லாஹ், மவுத்தாப் போயிருவான்! விடுங்க அண்ணாச்சி, போதும்!”

“போதாது!”

“போதும்னு நான் செல்றேன். ஒங்களுக்கு மூச்சு வாங்குது, அவனுக்கு மூச்சே ஈக்காது!”

சாத்திய கதவுக்குள் பிள்ளைகள் மறுபடி வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அழுகையும் வாசிப்பும் சேர்ந்து கேட்டது. வாத்தியார் மூங்கில் சிம்பு வைத்துக் கோமுவின் விரலைக் கட்டியிருந்தார். பிறகு ஆற்றோரத்துச் சிங்கள நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் கொண்டுபோய்ப் பத்துப் போட்டோம்.

5

கங்காணியின் ஆட்கள் என்னிடம் வரவில்லை. வரமாட்டார்கள். கண்டியில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். என் மேல் கை வைத்தால் ஒரு லொறி நிறைய ஆள் வந்து இறங்கும் என்று கங்காணிக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து வாத்தியாருக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? ஓர் ஓலைப்பெட்டி, இரண்டு வேட்டி. அதனால் அவரை அடித்தார்கள்.

மகாவலியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஏறி வந்தவரை ஆற்றங்கரை மூங்கில்களுக்குள் மறித்திருக்கிறார்கள். ஒருவன் கையைப் பின்னால் பிடித்தான். மற்றவன் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் வாயைக் குறிவைத்து அடித்தான். திரும்பத் திரும்ப வாயில்தான் அடித்தான். அந்த வாய்தான் ‘ஓம்’ என்று சொன்னது. கங்காணிக்கு ஆத்திரம் அதன் மேல்தான்.

அடித்தவன் வீரணன். கங்காணி வீட்டு அடியாள். கத்தியோடு ஆற்றுப்பக்கம் இறங்கியதை ஹமீது நானா கண்ணால் கண்டார்.

வாத்தியார் தாடையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு என் கடைக்கு நடந்து வந்தார். தாடை தனியாகத் தொங்கியது. உள்ளங்கையில் பற்கள். நானாவின் லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே தாடையை இழுத்து வைத்து, மோவாயிலிருந்து உச்சந்தலை வரை துணியால் இறுகக் கட்டிவிட்டார்கள். வாய் திறக்கக் கூடாது, ஒரு சொல் பேசக் கூடாது, கஞ்சியைப் பல் இடுக்கால் உறிஞ்ச வேண்டும்.

பொலீசுக்குப் போனோம். துணைக்குக் கோமுவையும் கூட்டிப் போனேன், சிங்களம் அவளுக்குத்தான் நன்றாக வரும். ராலஹாமி, அதுதான் பொலீஸ்காரர், வாத்தியாரைப் பார்த்து யார் அடித்தது என்று கேட்டார். வாத்தியார் வாயைக் காட்டினார். பேச முடியாத ஆளிடம் எப்படி வாக்குமூலம் எடுப்பது என்று ராலஹாமிக்குப் பெரிய சந்தேகம். எழுதித் தருவார் என்றாள் கோமு. சிலேட்டைக் கொடுத்தோம். வாத்தியார் எழுதினார்: ‘ஆளைத் தெரியாது.’

நான் சிலேட்டைப் பிடுங்கினேன். “தெரியும்! உமக்குத் தெரியும்!”

அவர் வாங்கி அதன் கீழே எழுதினார்: ‘வழக்கு எழுதினால் நாளைக்கே பள்ளிக்கூடத்தைப் பூட்டுவார்கள். முதலில் இன்ஸ்பெக்டர் வரட்டும்.’

என்னால் அப்படி இருக்க முடியாது. கடைக்கு வந்ததும் கருவாடு வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நானா குறுக்கே நின்றார்.

“வீரணன்ட ஊட்டுக்கா? போங்க. நீங்க ஜெயிலு மறியலுன்னு போனா கோமுக்கு யாரு சோறு போடுற?”

“நீங்க போடுங்க.”

“எனக்கு ஏழு புள்ள ஈக்கி அண்ணாச்சி. ஏலாது.”

அந்த மனிதர் விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்தியை வாங்கித் தன் கடைக்குள் வைத்துக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

6

இன்ஸ்பெக்டர் வந்த காலையில் பள்ளிக்கூடத்தில் மாவிலை கட்டியிருந்தார்கள். கங்காணி மாலையும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார். தைத்த மூக்கோடு பிச்சையா புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தான். வாத்தியார் படுக்கையில் கிடப்பார், இவன் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுப்பான், காரியம் நடக்கும். அதுதான் திட்டம். நாங்கள் பெற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம்.

வாத்தியார் ரோட்டில் நடந்து வந்தார். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. பிணத்துக்கு வாய்க்கட்டுக் கட்டுவோமே, அச்சு அசல் அதேதான். ஒரு குழந்தை பயந்து அழுதது. அவர் உள்ளே போய், இன்ஸ்பெக்டருக்குக் கைகூப்பிவிட்டு, சோக்குக் கட்டியை எடுத்துக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார்.

“இவர் எப்படிப் பாடம் நடத்துவார்?” என்றார் இன்ஸ்பெக்டர். வயதான மனிதர், கண்ணாடி போட்டவர், பல பள்ளிக்கூடம் பார்த்துச் சலித்த முகம்.

“முடியாதுங்க. நான் கேக்குறேங்க” என்று பிச்சையா முன்னால் வந்து, புத்தகத்தைத் திறந்து முதல் வார்த்தையைச் சொன்னான். ஒருவர் வாயும் ஓடவில்லை. இந்த வருஷத்துப் புத்தகத்தை யாரும் அவர்களுக்கு மனப்பாடம் பண்ணிவைக்கவில்லை. அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். வகுப்பு அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. கங்காணியின் முகம் கறுத்தது.

வாத்தியார் பலகையில் எழுதினார். எழுதி முடித்து ஒதுங்கினார். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே வாசித்தார்கள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக:

“ஐயா... நாங்கள்... இதுவரை... பார்க்காத... எதையாவது... கொடுங்கள்.”

இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். வாய்க்கட்டைப் பார்த்தார். ரயிலில் வாசிக்க வாங்கி அக்குளில் இடுக்கி வைத்திருந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்து, முன்வரிசையில் இருந்த கோமுவிடம் நீட்டினார். அன்றைய பத்திரிகை. மடிப்புக்கூடக் கலையவில்லை. எந்த வாத்தியாரும் அதை முன்கூட்டி அடித்துப் புகட்டியிருக்க முடியாது.

கோமு கட்டுப்போட்ட விரலை வரியின் மேல் வைத்தாள். “கொழும்பில்... வெங்காய... விலை...” என்று தொடங்கினாள். நடுவில் ஒரு நீண்ட சொல்லில் சிக்கினாள். உடைத்து உடைத்துக் கூட்டி அதைக் கடந்து போனாள். அடுத்த பிள்ளை ரயில் நேரம் வாசித்தது. அதற்கடுத்தது, கறுப்புப் பசு ஒன்று காணவில்லை, நெற்றியில் வெள்ளை என்று வாசித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பின்வரிசைவரை கொடுத்துப் பார்த்தார். வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் திக்கினார்கள். எல்லோரும் வாசித்தார்கள்.

வாயை உடைத்தால் வகுப்பு நின்றுவிடும் என்று நினைத்தான் கங்காணி. வாத்தியார் வாயால் ஓடுகிற பள்ளிக்கூடத்தைத்தான் அவன் கண்டிருக்கிறான். வாத்தியார் ஊமையாய் நின்றபோதும் ஓடுகிற பள்ளிக்கூடத்தை அவனும் அன்றுதான் பார்த்தான், இன்ஸ்பெக்டரும் அன்றுதான் பார்த்தார்.

“பாஸ். எல்லாரும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

கங்காணியின் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. மாலையை இன்ஸ்பெக்டர் கழுத்தில் போட்டார். இன்னொன்றை வாத்தியார் கழுத்திலும் போட்டார், வெட்கமில்லாத மனிதர். “வாத்தியாருக்கு உடம்பு சரியாகிற வரைக்கும் வகுப்ப அடக்கிவைக்க நம்ம பிச்சையா இருப்பான், பிரம்போட” என்றார்.

வாத்தியார் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். பலகையைத் துடைத்து எழுதினார்.

“என்னடா எழுதுறாரு?” என்று கங்காணி பிச்சையாவைக் கேட்டார்.

பிச்சையா பலகையை வாசித்தான். கங்காணி பக்கம் திரும்பினான். “உங்களுக்கு நன்றி சொல்றாருங்க.”

வகுப்பு குபீரென்று சிரித்தது. பின்வரிசையில் ஒரு லயத்துச் சிறுமி, “பொய்! பொய்!” என்று கத்தினாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, திக்காமல், தகரக் கூரை அதிர வாசித்தார்கள்:

“பிரம்பு உள்ளே வந்தால் நான் வெளியே போவேன்!”

கங்காணி பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் பிச்சையா வாசித்ததையெல்லாம் அவர் நம்பியிருக்கிறார். இன்னும் எதையெதையெல்லாம் மாற்றி வாசித்திருக்கிறானோ என்று அவர் மனசில் ஓடியிருக்கும். கையை ஓங்கி, இன்ஸ்பெக்டர் முன்னாலேயே பிச்சையாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

வாத்தியார் சோக்குக் கட்டியால் கதவைக் காட்டினார்.

“என்ன?” என்றார் கங்காணி.

வாத்தியார் நீட்டிய கையை இறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கங்காணி குடையை எடுத்தார், பிச்சையாவைப் பிடரியில் பிடித்துத் தள்ளிக்கொண்டு, தான் கட்டிய பள்ளிக்கூடத்திலிருந்து தானே வெளியே போனார். பிரம்பு பிறகு அந்தக் கதவுக்குள் போகவில்லை.

7

தாடை கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறது. வாத்தியாருக்கு இப்போது ‘ச’ வராது, காற்றுத்தான் வரும். பிள்ளைகள் அவர் பேசுகிற மாதிரி பேசிப் பழகி, வீட்டில் உதை வாங்குகிறார்கள்.

வழக்கு இல்லை. வீரணன் சுதந்திரமாகத் திரிகிறான். கங்காணியைக் கேட்டால், நான் யாரையும் அனுப்பவில்லை என்கிறார். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

இந்தத் தவணை தொடங்கியபோது வீரணன் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். கறுத்த, மெலிந்த பெண், பெரிய கண். நான் ரோட்டைக் கடந்து ஓடினேன். வாத்தியாரிடம் சொன்னேன்: “உம்ம தாடையை உடைச்சவன் இவன்தான். தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்” என்றார் அவர். “பிள்ளை உள்ளுக்கு வரலாம். தகப்பன் படலைக்கு வெளியில நிக்கவேணும்.”

நானாக இருந்தால் இருவரையும் விரட்டியிருப்பேன். அது என் வகுப்பு இல்லை.

வீரணன் தினமும் அவளைக் கொண்டுவந்து விடுகிறான். பள்ளி விடும்போது வாசல் படலைக்கு வெளியே நின்று கூட்டிப்போகிறான். நேற்று அவள் ரோட்டைக் கடந்ததும் என் கடைக்கு முன்னால் நின்றுவிட்டாள். தலையை நிமிர்த்தி என் கடைப் பலகையைப் பார்த்தாள்.

“வா புள்ள” என்றான் அவன்.

“இரு அப்பா. வாசிக்கிறேன்.”

அவன் நின்றான். அவனுக்கு வாசிக்க வராது. மகளின் வாயையே பார்த்துக்கொண்டு, நான் உள்ளே இருக்கிறேன் என்பதையே மறந்து, வாய் பிளந்து நின்றான். நான் தராசிலிருந்து இரும்புப் படிக்கல்லை எடுத்தேன். நல்ல கனம். அவன் நின்ற இடம் கை எட்டும் தூரம், தாடை நேரே எனக்கு முன்னால்.

“ப...ல...சரக்கு...” என்றாள் அவள்.

எறியவில்லை. அவள் இன்னும் வாசித்து முடிக்கவில்லை.